கருவாட்டுக் களத்தில் காய்ந்த திண்டுகள்

எனக்கும் கடலுக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மோகனூரில் காவிரிக் கரையில் பிறந்து, அங்கேயே தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கிற மில் ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவன் நான். தண்ணீர் என்றால் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். வந்த தண்ணீரே திரும்பத் திரும்ப வந்து காலை நனைப்பதில் என்ன அழகு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் என் மனைவிக்கு மீன்வளத் துறையில் வேலை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவளைத் தெற்குக் கடற்கரைக்குப் போட்டுவிட்டார்கள். பவளப்பாறைத் தீவுகளும் கடல்புல் வெளிகளும் இருக்கிற, யாரும் வலை போடக் கூடாது என்று அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிற கடலை ஒட்டிய ஊர். அவள் அங்கே, நான் இங்கே என்று வருஷங்கள் ஓடின.

எங்கள் பக்கத்தில் பிரிந்திருப்பது புதிதில்லை. லாரிக்குப் போனவன் மாதக்கணக்கில் வெளியே கிடப்பான். போர்வெல் ரிக்கில் போனவன் வடநாட்டையெல்லாம் துளைத்துவிட்டுப் பொங்கலுக்கு வந்து முகம் காட்டுவான். வீட்டுக்காரி காத்திருப்பாள், யாரும் அதைப் பேச்சாக எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரன் காத்திருந்தால்தான் ஊருக்குச் சிரிப்பு வரும். என்னோடு படித்தவன் ஒருவன் சொந்த லாரி வைத்திருக்கிறான். என் மில்லுக்கு லோடு எடுப்பவன் அவன்தான். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போதுதான் அவனுக்கு வாய் திறக்கும். "மத்தவனுக்கெல்லாம் சக்களத்தியால தொந்தரவு. இவனுக்குப் பாருங்க, சக்களத்தன். அதும் உப்புத்தண்ணி." நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வரும்.

குழந்தை இல்லை. "ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்தாத்தானுங்க சாமி அதெல்லாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது அவள் மேல் வரும் ஆசைக்கு அளவே இருக்காது.

தினமும் காலையில் போன் பேசுவோம். அவள் கரையோரம் நடக்கிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவேன். அவள் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கும். கேட்டால் எரிச்சலாக இருக்கும், கேட்காத நாளில் பயமாக இருக்கும். மோகனூரில் மழை வருமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெற்குக் கடலில் காற்று எந்த வேகத்தில் வீசுகிறது என்பதை டிவியில் பார்க்காமல் படுக்க மாட்டேன். இவ்வளவும் ஒரு கடலை வெறுக்கிறவன் செய்கிற வேலை.

கடைசியில் அவளுக்கு மாற்றல் கிடைத்தது. நாமக்கல்லுக்கு. கடலே இல்லாத நாமக்கல்லில் மீன்வளத் துறைக்கு அலுவலகம் இருக்கிறது என்பதை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அலுவலகத்தைக் கட்டியவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மோகனூரிலிருந்து ஸ்கூட்டியில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். படுக்கையறையில் அடுக்கி வைத்திருந்த கயிற்றுச் சுருள்களை வெளியே எடுத்தேன். சுவருக்கு வெள்ளையடித்தேன். அவள் புத்தகங்களுக்கு அலமாரி செய்யச் சொன்னேன். ஆசாரி எத்தனை புத்தகம் என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பெருசாவே செஞ்சுருங்க" என்றேன்.

அலமாரிக்கு வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த நாளில்தான் அவள் வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மில்லுல காஞ்ச தூள் இருக்குதுங்களா?"

அலைச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஆட்கள் கத்தும் சத்தமும் கேட்டது. ஏதோ ஒரு கப்பல் தரைதட்டி, அதன் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் கடலில் கசிந்துவிட்டதாம். தார் மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருக்குமாம். துறைமுகத்திலிருந்து வந்த மிதவைத் தடுப்புகளையெல்லாம் கப்பலைச் சுற்றியும் தீவுகளைச் சுற்றியும் போட்டுவிட்டார்கள். அவள் பார்த்துக்கொள்கிற கடல்புல் வெளி கரைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத இடத்தில் இருக்கிறது. அதற்குப் போட ஒன்றும் மிச்சமில்லை. கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று கிளம்பிவிட்டால் எண்ணெய் நேராக அங்கேதான் வந்து சேரும்.

"போன தடவ செடிக்குன்னு நம்ம மில்லுத் தூள் ஒரு மூட்ட எடுத்தாந்தனுங்கல்ல, அதுல ஒரு கையள்ளி எண்ணெய் வாளியில போட்டுப் பாத்தேன். குடிச்சிருச்சுங்க. எங்க ஆபீசர் முன்னாலயே செஞ்சு காட்டினேன். வலைத்துணியில நீளமா தெச்சு, அதுக்குள்ள நாரும் தூளுமா அடைச்சு லாரியில தாட்டி உடுங்க. ஆனா ஒண்ணு. ஈரம் ஒரு பொட்டு இருக்கக் கூடாதுங்க. ஈரமா இருந்தா தண்ணியக் குடிச்சு அடியில போயிரும். காஞ்சிருந்தாத்தான் மெதந்துட்டு எண்ணெயக் குடிக்கும்."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமா என்றுகூடக் கேட்டதில்லை. அன்று என் மில்லுத் தூளைக் கேட்டாள். காற்றில் பறந்து பக்கத்து வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று ஊரே என்னைத் திட்டுகிற தூள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆற்றுக்கு அக்கரையில் கரூர் பக்கம் கொசுவலை நெய்கிறார்கள். உடனே ஆள் அனுப்பிச் சுருள் சுருளாக வாங்கி வந்தேன். மில்லில் வேலை செய்கிற பெண்கள் வலையை நீளக் குழாய்களாகத் தைத்தார்கள். தூளையும் பிசிறு நாரையும் களத்தில் பரப்பி, கிண்டிவிட்டு, வெயிலில் சருகாகக் காயவைத்து அடைத்தோம். அடைத்த பிறகு பார்த்தால் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை சாய்ந்து உட்காரும் திண்டு போலிருந்தது, நீளம்தான் பல மடங்கு. பெண்கள் அதற்குத் திண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "கடலுக்கு என்னுங்க அப்படிக் களைப்பு, திண்டு கேக்குது" என்று ஒருத்தி சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தோம். சாப்பாட்டு மணியைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் கடலுக்காகச் செய்தார்கள். நான் எதற்காகச் செய்தேன் என்று கேட்டால், இந்தத் தொல்லை சீக்கிரம் முடிந்தால்தான் சொன்ன தேதியில் அவளை விடுவிப்பார்கள், அதற்காகத்தான் செய்தேன்.

லாரி வந்தது. திண்டுகளை ஏற்றினோம். இங்கேதான் எங்கள் புத்தியைக் காட்டினோம். மட்டை மில்லில் எந்த லோடு கிளம்பினாலும், தார்ப்பாய் போடுவதற்கு முன்னால் மேலே ஓஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சுவது வழக்கம். பீய்ச்சாவிட்டால் தூள் பறந்து பின்னால் வருகிறவன் கண்ணில் விழும், வழிநெடுகத் திட்டு வாங்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். லோடு ஏற்றுகிறவர் தன் பாட்டுக்கு ஓஸ் பைப்பை எடுத்தார், தன் பாட்டுக்குப் பீய்ச்சினார். என்னோடு படித்த அந்த லாரிக்காரன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இடுப்பில் கை வைத்து நின்று, "அந்த மூலையில படல பாருங்க, நல்லா மேல உடுங்க" என்றேன். அத்தனை நாள் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் காயவைத்தவன் நான்தான். ஈரம் ஒரு பொட்டுக்கூட ஆகாது என்று எல்லோரையும் விரட்டியவனும் நான்தான். கையும் வாயும் பழக்கத்தில் போய்விட்டன, மூளை கூட வரவில்லை.

லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். கரூர், திண்டுக்கல், மதுரை என்று போகப் போக எனக்குள் ஒரே உற்சாகம். மனைவிக்கு ஒரு லாரி நிறையச் சாமான் கொண்டுபோகிற புருஷன் எங்கள் ஊரில் எத்தனை பேர்? அவளுக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப் பருப்புக் கடைந்து தூக்குப் போசியில் மடிமேல் வைத்திருந்தேன். லாரிக்காரன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். கிண்டல் பண்ணவில்லை.

காலையில் போய்ச் சேர்ந்தபோது முதலில் வந்தது வாடை. புதுத் தார் ரோட்டில் முகத்தை வைத்துப் படுத்தது போல மூச்சை அடைத்தது. கரையில் அங்கங்கே கறுப்புப் படிந்திருந்தது. ஆட்கள் மண்வெட்டியும் மூட்டையுமாக நின்றார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டு, முகத்தில் துணி கட்டி, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, ஒரு படகுக்காரரோடு சத்தமாக வாதாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாண்டி என் மனைவியைத் தேடினேன். அந்தப் பெண் துணியை இறக்கி, "ஏனுங்க, இங்க" என்றாள்.

அவள் குரல் அவ்வளவு உயரும் என்பதே எனக்குத் தெரியாது. மோகனூர் வீட்டில் அவள் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது.

தார்ப்பாயை அவிழ்த்தோம். அவளுடைய மேலதிகாரி வந்து நின்றார், இன்னும் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மேலே கிடந்த திண்டை ஆசையாக இழுத்து, இரண்டு கையாலும் அமுக்கினாள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"ஏனுங்க, இது ஈரமா இருக்குதுங்க."

"இருக்காதே" என்றேன். சொன்ன மறு நொடி எனக்கு ஓஸ் பைப்பு கண்ணுக்குள் வந்தது. லாரிக்காரனைப் பார்த்தேன். அவன் லாரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி முழுக்கத் தார்ப்பாய்க்குள் அடைபட்டு மேல் ஈரம் அடிவரை இறங்கியிருந்தது. எதை இழுத்தாலும் ஈரம்.

"இதுதானாம்மா நீங்க சொன்னது?" என்று கேட்டுவிட்டு மேலதிகாரி நகர்ந்து போனார். என் மனைவியின் காது மடல் சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் ஆகும், அழுகை வந்தாலும் அப்படித்தான் ஆகும். இது எது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். அந்தக் கரையில் கருவாடு போடுகிறவர். "எங்க களம் சும்மாதானே மேடம் கெடக்கு. கடலுக்கே யாரும் போவல, மீனுக்கு எங்க போறது? அதுல போட்டுக் காய வைங்க" என்றார். மீனைக் காயவைக்கிற சிமெண்டுத் தளங்கள் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. அங்கே கொண்டுபோய்த் திண்டுகளைப் பரப்பினோம். என் மில்லு நார் கருவாட்டு வாடையில் படுத்திருந்தது. காய்ந்தால்தான் ஆயிற்று, காய்வதற்குச் சில நாளாவது ஆகும் என்று தெரிந்தது. லாரிக்காரன் லாரியை ஒரு வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, தானும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

ஆக, எங்கள் முட்டாள்தனத்தால் எனக்கு அவளோடு சில நாள் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை செய்வதை நான் பார்த்தது அப்போதுதான். நான் களத்தில் திண்டுகளைப் புரட்டிப் போட்டபடி தூரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அலைக்குள் முழங்கால் வரை இறங்குவாள். காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, படகுக்காரர்களிடம் எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று கை நீட்டிச் சொல்வாள். ஒருவர் மறுத்தால் அவரைவிடச் சத்தமாகப் பேசுவாள், அடுத்த நிமிஷம் அவரோடு சேர்ந்து சிரிப்பாள். கருவாட்டுக்காரம்மாவை "யக்கா" என்று கூப்பிடுவாள். எங்கள் ஊர்ப் பேச்சில் இல்லாத சொற்களெல்லாம் அவள் வாயில் வந்தன. இவள் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் யாரை அனுப்பி வைத்தாள் என்று யோசித்தேன். வந்து போனது பாதி ஆள்தான். மீதி ஆள் இங்கேயே இருந்திருக்கிறாள்.

மத்தியானம் களத்தின் ஓரத்தில் ஓலைப் பந்தல் நிழலுக்குச் சாப்பிட வருவாள். விரலிலும் நகக்கண்ணிலும் எண்ணெய் கறுப்பாக ஒட்டியிருக்கும். சோப்புக்கு அது அசையாது. லாரிக்காரன் தலைக்கு வைக்கக் கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயை வாங்கி, அவள் கையை எடுத்து என் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துத் துடைத்தேன். கறுப்பு கரைந்து கரைந்து வந்தது. எதிரில் கருவாட்டுக்காரம்மாவும் மற்றவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மோகனூரில் நாலு பேர் முன்னால் அவள் கையைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அங்கே இழுக்கவில்லை.

"கொள்ளுப் பருப்பு கெட்டுப் போச்சு அம்மிணி. ஒரு வாய்கூட நீ திங்கல" என்றேன்.

"அதான் இனி தெனமும் திங்கப் போறனுங்களே" என்றாள்.

கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் கவனித்தேன். கவனித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசைப்படுகிறவனுக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும்.

முதலில் பரப்பியவை சீக்கிரம் காய்ந்தன. அவற்றைப் படகில் ஏற்றிக் கடல்புல் வெளியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். மிதந்தன. அவள் படகிலிருந்து என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். அன்று என் மில்லுக்கு யாராவது மாலை போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் பாதிக்கு மேல் இன்னும் ஈரம். அன்று மத்தியானமே காற்று மாறியது. கொண்டல் கிளம்பிவிட்டது என்று கரையில் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். காய்ந்ததும் காயாததுமாகக் கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கரையிலிருந்து பார்த்தால் எண்ணெய் வருவது தெரிந்தது. அவசரமே இல்லாமல், தண்ணீருக்கு மேல் ஒரு பளபளப்பாக வந்தது.

காய்ந்த திண்டுகள் நின்றன, கறுத்துப் பருத்து எண்ணெயைக் குடித்தன. ஈரத் திண்டு கட்டிய ஓரம் மெதுவாகத் தாழ்ந்து, அந்த வழியாக எண்ணெய் உள்ளே போய்விட்டது.

அவள் கரைக்கு வந்து படகை விட்டு இறங்கினாள். "பெரும்பாகம் தப்பிச்சுக்கிச்சுங்க. தெக்கு ஓரம் போயிருச்சு" என்றாள். அப்புறம் சின்னக் குரலில், "அந்த ஓரந்தாங்க புதுசா மொளச்சு வந்துச்சு. ரெண்டு வருசமா பாத்துட்டிருந்தேன்" என்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல். மோகனூர்க் குரல்.

திண்டு இன்னும் இரண்டு நாள் காயாமலே கிடக்கட்டும், இவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று என்னுள்ளே ஒருவன் காலையில்கூட நினைத்திருந்தான். அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். உள்ளே மணலும் தண்ணீருமாக இருந்தது.

அதே வாரம் அவளுக்குப் பதிலாக வர வேண்டிய ஆள் வந்து சேர்ந்தார். மேலதிகாரி, "இந்த நேரத்துல நீங்க இருந்தா எங்களுக்கு நல்லதும்மா. ஆனா நீங்க ரொம்ப நாளா கேட்டு வாங்கின மாத்தல், நான் தடுக்க மாட்டேன். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க" என்றாராம். அவள் அதை என்னிடம் அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். வெள்ளையடித்த அறை இருக்கிறது, அலமாரி இருக்கிறது. லாரிக்காரன்தான் வழி காட்டினான். காலி வண்டியாகத் திரும்புவது அவன் வம்சத்திலேயே கிடையாது. "அப்பறம் என்னுங்க, சாமானையெல்லாம் ஏத்திக்கலாம், ரிட்டன் லோடு ஆச்சு" என்றான். நான் எழுந்து போய் அவள் கட்டிலை மடக்கினேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்டவன் வேறு என்ன செய்வான்?

கருவாட்டுக்காரம்மா லாரி வரை வந்து, அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். பூட்ஸை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அவள் வந்த பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். இதைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். சாயங்காலம் மில்லில் இருக்கும்போதே ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். மின்விசிறியை வேகமாக வைப்பதா மெதுவாக வைப்பதா என்று சண்டை. அவள் குழம்பைக் கிண்டியபடியே, எருமப்பட்டிப் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறவர் தன் கெண்டைகளுக்கு முட்டை மஞ்சக்கரு போடுகிற கதையைச் சொல்வாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். சொந்தக்காரர்கள் வந்து, "இப்பத்தான் சாமி ஊடு ஊடாட்ட இருக்குது" என்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். தம்ளர்களை இப்போது அவள் கழுவ, நான் துடைத்தேன்.

அவள் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எதைக் கேட்டாலும் "ஆமாங்க", எதைச் சொன்னாலும் "சரிங்க". அவள் குரல் மறுபடி அடுத்த அறைக்குக் கேட்காமல் போனது. காவிரிப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனால் சமர்த்தாக வருவாள். ஆற்றைப் பார்ப்பாள், "தண்ணி நல்லாப் போகுதுங்க" என்பாள். விருந்துக்கு வந்த இடத்தில் சாப்பாட்டைப் புகழ்கிற மாதிரிப் புகழ்வாள். காலையில் கருவாட்டுக்காரம்மா போனில் படம் அனுப்புவார். கடல் ஏறும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தார் உருண்டை இன்னும் கரையில் ஒதுங்குகிறது, ஊர் சனம் கையால் பொறுக்குகிறது. அந்தப் படங்களை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "கொண்டல் நின்னுருச்சா யக்கா?" என்று அவள் கேட்கும்போது மட்டும் பழைய சத்தம் கொஞ்சம் வரும். போனை வைத்ததும் போய்விடும்.

எனக்கு மறுபடியும் அந்தப் பழைய வலி ஆரம்பித்தது. இதை யாரிடம் சொல்வது? லாரிக்காரனிடம் சொன்னால் பைத்தியம் என்பான். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பவளுக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். படகுக்காரரிடம் கத்தியவள், அடையாளம் தெரியாமல் நான் தாண்டிப் போனவள், நாலு பேர் முன்னால் கையை என் மடியில் விட்டுவைத்தவள் எங்கே என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பாவது அவள் தூரத்தில் முழுசாக இருக்கிறாள் என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "ஏனுங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். அடுத்த அறைக்கு என்ன, மில்லுக்கே கேட்டிருக்கும். படத்தில் கலங்கிய தண்ணீர், அதற்குள் மங்கலாகப் பச்சையாக ஏதோ. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெக்கு ஓரங்க. மொளச்சிருக்குது. ஆனா புதுசா வந்தவரு அந்தப் பக்கம் படகு கட்ட உட்டுட்டாராம்ங்க, நங்கூரம் போட்டா வேரோட போயிரும், யாரு சொல்றது அவங்களுக்கு" என்று படபடவென்று பேசிக்கொண்டே போனாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள்.

"நீ திரும்ப எழுதிக் கேளு அம்மிணி. அங்கயே போட்டுக் குடுக்கச் சொல்லி" என்றேன்.

நான் சொன்னேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவள் போனைக் கீழே வைத்தாள். ஒரு பேச்சுக்காவது மறுப்பாள் என்று காத்திருந்தேன். வேண்டாங்க, உங்களை விட்டுட்டு எப்படிங்க போறது, என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், அதை வைத்துக்கொண்டு மீதி வருஷங்களை ஓட்டிவிடுவேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னிக்கே எழுதட்டுங்களா?" என்று கேட்டாள்.